டர்போ வண்டியும் ஒன்பதாண்டுக் கடனும்

பேராக் மாநிலத்து எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் போன்ற சிற்றூரில் ஒரு குடும்பம் புதிய கார் வாங்க உத்தேசித்திருக்கிறது என்றால், அந்தச் செய்தி விற்பனையாளருக்குத் தெரிவதற்கு முன்னரே மீன் சந்தைக்கும் மாரியம்மன் கோயில் வாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் வாங்கப் போவது டர்போ பொருத்திய எஸ்யூவி என்று தெரிந்துவிட்டால், அபிப்பிராயம் சொல்லாமல் ஒதுங்கி நிற்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். "டர்போ சீக்கிரம் போய்விடும், வேண்டாம் சார்" என்பார் ஒருவர், "இந்தக் காலத்தில் டர்போ இல்லாத காடி ஒரு காடியா?" என்பார் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து தே குடித்துக்கொண்டிருப்பவர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய நான், எங்கள் வீட்டில் இந்த யோசனை எழுந்தபோது, இருவரையும் மறுத்துப் பேசாமல், பழைய பழக்கத்தின் பிரகாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். அதில் எழுதியவற்றையே இங்கு விரித்துச் சொல்லுகிறேன். இதே யோசனையில் இருக்கும் குடும்பஸ்தர்களுக்கு ஒருவேளை பிரயோஜனப்படக்கூடும்.

கார் என்பது எங்கள் ஜனங்களின் வாழ்க்கையில் தாமதமாக வந்து சேர்ந்த வஸ்து. நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் துரைக்குக் கார், கிராணிக்கு மோட்டார் சைக்கிள், பால்வெட்டுக்காரருக்குச் சைக்கிள் என்று அந்தஸ்துக்குத் தக்கபடி வாகனங்களும் வரிசைப்பட்டிருந்தன. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்த பிறகுதான், சம்பளக்காரத் தமிழ்க் குடும்பங்கள் பல, முதன்முறையாகத் தம் வீட்டு முன்னால் புதிய கார் ஒன்றை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கின. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைப்பைத் தேடிச் சென்றார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளுக்குள் வாழ்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு வாசற்படியைத் தாண்டினால் போதுமாயிருந்தது; அவர்களே இன்று சித்திரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயிலில் ஒன்றுகூட வேண்டுமானால், மூன்று நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்தாக வேண்டியிருக்கிறது. குடும்பம் சிதறியதனால்தான் குடும்ப வண்டி பெரிதாயிற்று என்பது என் எண்ணம்.

இனி, டர்போ. இது புதுமையும் அன்று, மாயமும் அன்று. சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905ஆம் ஆண்டில். எஞ்சின் எரித்து வெளியே தள்ளுகிற சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையில் இருக்கிற மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. கொல்லன் உலையில் துருத்தி செய்கிற வேலைதான். இங்கே அந்தத் துருத்தியை மிதிப்பதற்கு உலையின் புகையே ஆளாக நிற்கிறது என்பது ஒன்றே விசேஷம். காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் மிகுத்து எரிக்கலாமாகையால், சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினுக்குரிய பலத்தைப் பெறுகிறது. நம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் கட்டப்பட்டு 2020 அக்டோபரில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50-ஐ எடுத்துக்கொண்டால், அதன் உயர்ந்த ரகத்தில் இருந்த 1,477 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் 177 குதிரைத்திறனையும், 1,500 முதல் 4,000 சுற்று வரையில் 255 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் கொடுத்தது. டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின்கள் பெரும்பாலும் 190 நியூட்டன் மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. அதையும் நாலாயிரம் சுற்றுக்கு மேல் இரையவிட்டால்தான் தருகின்றன.

ஆனால் டர்போ என்ற பெயரைக் கண்ட மாத்திரத்தில் மயங்கிவிடலாகாது. 2021இல் வந்த பெரோடுவா அதிவாவின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 140 நியூட்டன் மீட்டர். 2022இல் வந்த அதே ஸ்தாபனத்தின் ஏழு இருக்கை அல்சாவில் உள்ள, டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு 138 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய ஒரே பலம்தான். அப்படியிருக்க டர்போ எதற்கு என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி எஞ்சினில் இல்லை, சாலை வரிப் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் காருக்குரிய சாலை வரி எஞ்சினின் பருமனைக் கொண்டு விதிக்கப்படுகிறது. ஒரு லிட்டருக்கு உட்பட்ட வண்டிக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, ஒன்றரை லிட்டருக்கு நூறு வெள்ளியை ஒட்டிய தொகை, இரண்டரை லிட்டருக்கோ எண்ணூறு வெள்ளிக்கும் மேல். பலம் பெரிதாகவும் வரி சிறிதாகவும் இருக்க வேண்டுமென்று விரும்புகிற தேசத்தில் டர்போவுக்குச் செல்வாக்கு உண்டாவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தப் பலம் நமக்கு எங்கே பயன்படுகிறது என்பதுதான் அடுத்தபடியாக ஆராய வேண்டிய விஷயம். எங்கள் ஊர் பெர்ணம் ஆற்றங்கரையில் கிடக்கிற சமதரை. ஏறுவதற்கு மேடு என்று சொல்லத்தக்கது ஆற்றுப் பாலம் ஒன்றுதான். சந்தை, பள்ளிக்கூடம், மருந்தகம் என்று ஊருக்குள்ளேயே சுற்றி வருகிறவருக்கு டர்போவால் காசளவு லாபமும் இல்லை. ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையிலோ கதை வேறு. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, அதன் முன்னால் எண்ணெய்த் தாங்கி, எதிரே ஒரே ஒரு தடம்; குடும்பத்தோடு போகும்போது முந்திச் செல்ல நினைத்தால், காலை அழுத்திய பிறகு வண்டி யோசித்துக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு விநாடிகள் எத்தனை நீளம் என்பது அந்தச் சாலையில் ஓட்டியவருக்குத் தெரியும். அங்கே குறைந்த சுற்றிலேயே கிடைக்கிற முறுக்குவிசை ஆடம்பரம் அன்று, பாதுகாப்பு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஏறுகிற போதும் அப்படியே. மேற்குக்கரை விரைவுச்சாலையின் ஹுத்தான் மெலிந்தாங் - தெலுக் இந்தான் பகுதி 2019இல் திறந்த பிறகு, லோரியின் பின்னால் ஊர்கிற சங்கடம் எங்களுக்கு ஓரளவு குறைந்திருக்கிறது என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, வாங்க நினைப்பவர் முதலில் செய்யத்தக்கது, விற்பனை நிலையத்துக்குப் போவதன்று. தாம் ஒரு வருஷத்தில் எந்தச் சாலைகளில் எவ்வளவு ஓடுகிறோம் என்பதை எழுதிப் பார்ப்பது.

அதன் பிறகு ஓட்டிப் பார்க்கப் போகலாம். போகும்போது தனியாகப் போகலாகாது. விற்பனை நிலையத்திலிருந்து எங்களோடு வந்த இளைஞர் நல்ல பிள்ளை. ஏறி உட்கார்ந்த உடனேயே, "சார், ஸ்போர்ட் மோட் போட்டு ஒரு அழுத்து அழுத்துங்க, அப்பத்தான் தெரியும்" என்றார். "அது இருக்கட்டும் தம்பி, முதலில் சந்தைத் தெருவுக்குள் ஊர்ந்து போவோம்" என்றேன். காரணம் உண்டு. இத்தகைய வண்டிகள் சிலவற்றில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி, வேகமாகப் போகையில் வெண்ணெயாக வழுக்கினாலும், நின்று நின்று நகர்கிற நெரிசலில் இலேசாக உலுக்குவது உண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிகிறதா என்பதும் நின்றிருக்கும்போதுதான் புலப்படும். இவை குற்றங்கள் அல்ல, குணங்கள். சகித்துக்கொள்ள முடியுமா என்பதை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். என் மனைவிக்கோ எஞ்சின் எப்படியிருந்தாலும் ஒன்றுதான். அவள் நாலு தரம் ஏறி நாலு தரம் இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, முட்டி வலிக்கல" என்றாள். தரையோடு தாழ்ந்த காரில் ஏறி இறங்க முடியாமல் அவதிப்படுகிற முதியவர்கள் இருக்கும் வீட்டில், எஸ்யூவியின் உயர்ந்த இருக்கைக்கு இருக்கிற மதிப்பு, எந்த விளம்பரத் தாளிலும் அச்சிடப்படாதது. மருமகள் பேத்தியின் பிள்ளை இருக்கையைக் கையோடு கொண்டுவந்து பொருத்திப் பார்த்தாள். மகன் வீட்டுப் போர்ட்டிகோவின் அகலத்தை நாடா பிடித்து அளந்து வைத்திருந்தான். தாமான் வீடுகளில் வாழ்பவர்கள் இந்த அளவை மறந்துவிடலாகாது. வண்டி உள்ளே நுழைந்த பிறகு கதவைத் திறக்கவும் இடம் வேண்டுமல்லவா?

"டர்போ போய்விடும்" என்கிற பயத்தைப் பற்றி, எங்கள் பழைய காரை நெடுங்காலமாகப் பார்த்துவருகிற மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "டர்போ தானா கெட்டு வந்து நான் பார்த்தது கம்மி சார், எண்ணெய் கெட்டுப்போய் டர்போவைக் கெடுத்துட்டு வர்றதுதான் அதிகம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற அந்த அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்; பக்கத்திலேயே புகையின் உக்கிரமான சூடு. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போட்டாலும், கைப்புத்தகத்தில் குறித்த தரத்தை விட்டு மலிவானதை ஊற்றினாலும், எண்ணெய் கருகிப் படிந்து, செல்லும் வழி அடைபடுகிறது. பழைய எஞ்சின்கள் இத்தகைய அசிரத்தையை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டன, டர்போ பொறுப்பதில்லை. குறுகிய தூரமே ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் கெடாது என்று நினைப்பதும் தவறு. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிற ஓட்டமே எண்ணெயை அதிகம் கெடுப்பதாகையால், கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் மாதக் கணக்கின்படி மாற்றிவிடுவது உத்தமம். விரைவுச்சாலையில் வேகமாக வந்தவர், வீடு சேரும் கடைசிச் சிறு தூரத்தை நிதானமாக ஓட்டி வந்து நிறுத்தினால், டர்போ தணிவதற்கு அது போதும்.

இப்பொழுதுதான் என் நோட்டுப் புத்தகத்தின் முக்கியமான பக்கத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் கார்க் கடன் ஒன்பது ஆண்டுகள் வரை நீள்கிறது. புதிய காருக்கு இங்கே கொடுக்கும் உத்தரவாதமோ பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள். அதாவது, டர்போவும் கியர்ப்பெட்டியும் வயதாகத் தொடங்குகிற கடைசி நான்கு ஆண்டுகளில், பழுது நேர்ந்தால் அதன் செலவும் நம்முடையது, மாதத் தவணையும் நம்முடையது. அந்தக் காலத்தில்தான் கையில் பணமில்லாமல் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போடுவார்கள். அந்தக் காலத்தில்தான் டர்போவும் கெடும். ஊரார் டர்போவைப் பழிக்கிறார்கள். பழியில் பெரும்பங்கு கடன் காலத்தைச் சேர்ந்தது என்பது என் முடிவு.

கணக்காகவே பார்ப்போம். ஒரு லட்சம் வெள்ளி விலையுள்ள வண்டி. பத்து சதவிகிதம் முன்பணம். 90,000 வெள்ளி கடன். தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே வருஷந்தோறும் மூன்று சதவிகித வட்டி போடுகிற முறையில் ஒன்பது ஆண்டுக்கு வட்டி 24,300 வெள்ளி. மாதத் தவணை 1,058 வெள்ளி. ஐந்தாம் ஆண்டு முடிவில் உத்தரவாதம் தீர்கிறபோது, இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் ஏறக்குறைய 50,800 வெள்ளி. அதே வண்டிக்கு 40,000 வெள்ளி முன்பணம் கட்டி, 60,000 வெள்ளியை ஐந்தே ஆண்டில் அடைப்பதானால், வட்டி 9,000 வெள்ளி. மாதத் தவணை 1,150 வெள்ளி. மாதத்துக்கு 92 வெள்ளிதான் வித்தியாசம்; மொத்த வட்டியிலோ 15,300 வெள்ளி மிச்சம். உத்தரவாதமும் கடனும் ஒரே சமயத்தில் முடிகின்றன. அதற்குப் பிறகு தவணை இல்லாத கையோடு பழுது பார்க்கலாம். மனமிருந்தால் விற்றும் விடலாம்.

"நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது, என் மகனும் அதையேதான் கேட்டான். அதற்கு நான் சொன்ன உபாயம், வண்டி வருவதற்கு முன்னரே தவணை கட்டப் பழகுவது. பழைய காரையே ஓட்டிக்கொண்டு, மாதந்தோறும் 1,058 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், 24 மாதங்களில் 25,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. எப்படியும் கட்டவிருந்த 10,000 வெள்ளியும் பழைய கார் விற்ற தொகையும் சேர்ந்தால் நாற்பதாயிரம் எட்டாக் கனி அன்று. அந்த இருபத்து நான்கு மாதங்களில் தவணைப் பணத்தை எடுத்து வைக்கத் திணறுகிற குடும்பம், அந்த வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பதும் அதே பரீட்சையில் தெரிந்துவிடும். காத்திருக்கும் காலத்தில் விபத்தின்றி ஓட்டிவந்தால், காப்புறுதியில் கிடைக்கும் கழிவு ஐந்தாண்டில் 55 சதவிகிதம் வரை உயர்கிறது. அதைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதிலும் நஷ்டமில்லை.

நாங்கள் அவ்விதமே காத்திருந்து வாங்கினோம். ஒன்றரை லிட்டர் டர்போ, நடுத்தர ரகம், ஐந்தாண்டுக் கடன். மேல் ரகத்துப் பெரிய சக்கரங்களை வேண்டாமென்று விட்டதற்குக் காரணம், டயர் மாற்றுகிற நாளில் அவற்றின் விலை. ஐந்தாம் எண் சாலையிலும் விரைவுச்சாலையிலும் வாரந்தோறும் குடும்பத்தோடு ஓடுகிறவர்களுக்கு டர்போ எஸ்யூவி தக்க வண்டியே. ஊருக்குள்ளேயே ஓடுகிறவர்கள் டர்போ இல்லாத எளிய வண்டியை வாங்கி, மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைக்கலாம். ஒன்பதாண்டுக் கடன் வாங்கினால்தான் கட்டுப்படியாகும் என்கிற டர்போ வண்டியை மட்டும், எவர் எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்காதீர்கள்.