மீனுக்கு ஒளிய இடம் கொடுங்கள்



சரக்கு, விலை, வரி என்று எழுதுவது நம் வழக்கம். இம்முறை மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறோம். காரணம் உண்டு. நம் உறுப்பினர்களில் பலர் கல்லாப்பெட்டி அருகிலோ வீட்டுக் கூடத்திலோ கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். சிலர் வாஸ்துவுக்காக, சிலர் பேரப்பிள்ளைகளுக்காக, சிலர் காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பொழுது போகட்டும் என்பதற்காக. ஆனால், "மீன் வெளியிலேயே வருவதில்லை, மூலையில் பதுங்கிக் கிடக்கிறது" என்ற குறையைப் பலரும் சொல்லக் கேட்கிறோம். அந்தக் குறை எங்களுக்கும் இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் கற்ற பாடத்தையும் இங்கே சொல்கிறோம்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் மண்டி சேலம் லீ பஜாரில், வீடு ஃபேர்லேண்ட்ஸில். வீட்டுக் கூடத்தில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்தோம். அடியில் வெள்ளைச் சில்லுக்கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கப்பல், மேலே பளிச்சென்ற விளக்கு. வகைக்கு ஒன்றிரண்டாக எட்டு மீன்கள் வாங்கி விட்டோம். வந்த நாள் முதல் அவை வடிகட்டியின் பின்னால் ஒண்டிக்கொண்டன. ஆள் நடந்தால் போதும், பாய்ந்து கண்ணாடியில் மோதின.

நோய் என்று எண்ணி, யாரையும் கேட்காமல் மருந்து வாங்கி ஊற்றினோம். கப்பலை எடுத்துவிட்டால் மீன் நன்றாகத் தெரியும் என்று அதையும் எடுத்தோம். ஒரு வாரத்தில் இரண்டு மீன்கள் செத்தன. ஒரு நாள் காலையில் மூன்றாவது மீன் தரையில் காய்ந்து கிடந்தது. இரவில் துள்ளி வெளியே விழுந்திருக்கிறது. அதை முதலில் பார்த்தவன் ஐந்து வயதுப் பேரன். "தாத்தா, அது ஏன் வெளிய ஓடுச்சு?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. மூட்டையில் சேதாரம் என்றால் கணக்கில் எழுதி முடித்துவிடலாம். உயிரை அப்படி எழுத முடியவில்லை.

பிறகு கொள்முதல் வேலையாகச் சென்னை போனபோது, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூருக்குப் போய், நெடுநாள் அனுபவமுள்ள ஒரு வியாபாரியிடம் நடந்ததைச் சொன்னோம். "ஐயா, நோவு ஒண்ணுமில்ல, பயம். ஒளியறதுக்கு எடம் வெச்சீங்களா?" என்றார். இடம் வைத்தால் இன்னும் ஒளிந்துகொள்ளுமே என்றோம். "ஓடி ஒளிய எடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஐயா அது வெளிய வந்து நிக்கும்" என்றார்.

இதுதான் பாடம். மற்றவை எல்லாம் இதன் விளக்கமே.

மீன் ஏன் அஞ்சுகிறது?

மீனுக்கு மேலிருந்து வரும் நிழல் என்றால் மீன்கொத்தி, கொக்கு. நாம் தொட்டிக்கு மேலே குனிந்து பார்ப்பதும் அதற்கு அப்படித்தான். அடுத்து, அதன் உடலின் இரு பக்கமும் நெடுக ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு நீரின் சிறு அசைவையும் உணரும். நீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்லும். கண்ணாடியில் விரலால் தட்டுவது நமக்கு விளையாட்டு, அதற்கு இடி. கடை ஷட்டரைத் தூக்கும் சத்தமும் அப்படியே.

இன்னொரு செய்தி. கார்ல் வான் பிரிஷ் என்ற அறிஞர் (தேனீ ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்) 1938இல் ஓர் உண்மையை வெளியிட்டார். சிறு நன்னீர் மீன் ஒன்றின் தோல் காயப்பட்டால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதை உணர்ந்த மற்ற மீன்கள் வெருண்டு ஓடுகின்றன. வலையால் துரத்தி ஒரு மீனைக் காயப்படுத்தினால் தொட்டி முழுவதும் கலங்குவது இதனால்தான். மீனைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு டம்ளருக்குள் மெதுவாக ஓட்டிப் பிடிப்பது நல்லது.

பயமா, நோயா?

ஆள் இல்லாதபோது வெளியே வந்து தீனி தின்று, ஆளைக் கண்டதும் ஓடினால் அது பயம். ஆள் இல்லாதபோதும் தின்னாமல் இருப்பது, உடலில் வெண்புள்ளி, கல்லில் உரசுவது, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவை நோய்க்கோ நீர்க்கேட்டுக்கோ அறிகுறி. புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாகவும் தீனி குறைவாகவும் இருக்க வேண்டும். முதலில் நீரைப் பாருங்கள். மருந்தைக் கடைசியில் பாருங்கள். குழாய் நீரைக் குளோரின் போக்காமல் ஊற்றக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. இடம்: வாசற்படி, ஷட்டர், மாவு மெஷின் அருகே வேண்டாம். தொட்டி கண் மட்டத்துக்கு இருந்தால் மீன் நம்மை மேலிருந்து வரும் பகையாகக் கருதாது. மேசை உறுதியாக இருக்கட்டும். எங்கள் சிறு தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 56 கிலோ.

2. மறைப்பு: பின்புறமும் இரு பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்த தொட்டி நடுத்தெருவில் நிற்பதற்குச் சமம்.

3. அடித்தளம்: வெள்ளைக் கல் விளக்கொளியை மேலே திருப்பி அடிக்கும். கருநிற ஆற்றுக் கூழாங்கல் நல்லது. கல்லின் மீது எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல், நீரின் கடினத்தன்மையைக் கூட்டும், தவிர்க்கவும்.

4. செடி: பின்வரிசையில் நாடா போல் உயரும் வாலிஸ்நேரியாவை அடர்த்தியாக நடுங்கள். குறைந்த ஒளியிலும் வளரும் அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டையும் மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள். கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகும். முன்பக்கம் நீந்த வெற்றிடம் விடுங்கள். மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை மிதந்தால் கூரை போல் நிழல் தரும். மிஞ்சிய செடியை மூக்கனேரியிலோ வேறு நீர்நிலையிலோ எறியாதீர்கள். அது பரவி ஏரியை மூடிவிடும்.

5. கூட்டம்: கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்குவது அதற்குத் தண்டனை. ஒரே வகையில் 6 வாங்குங்கள். நம் நாட்டு ஜீப்ரா டானியோ, இலங்கையின் செர்ரி பார்ப் போன்றவை சிறு தொட்டிக்கு ஏற்றவை. கேரள ஆறுகளில் வாழும் 'மிஸ் கேரளா' மீன் அழகுதான். ஆனால் அதன் கூட்டத்துக்கு 4 அடித் தொட்டியாவது வேண்டும். அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஆற்றில் பிடித்ததை வாங்காதீர்கள்.

6. துணை: மேல்மட்டத்தில் துணிச்சலாகத் திரியும் டானியோக்களைக் கண்டால், கீழே பதுங்கியுள்ள கூச்ச மீன்களும் ஆபத்தில்லை என்று வெளியே வரும்.

7. விளக்கு: நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். இருட்டறையில் தொட்டி விளக்கைத் திடீரென்று போடாதீர்கள். முதலில் அறை விளக்கு, சற்றுப் பொறுத்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது முதலில் தொட்டி விளக்கு.

8. தீனி: ஒரே நேரம், ஒரே கை, கொஞ்சமாக. அந்த ஆளையும் நேரத்தையும் மீன் பழகிக்கொள்ளும்.

9. மூடி: தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். கொசுமருந்து தெளிக்கும்போது மேலே துணி போட்டுக் காற்று மோட்டாரை நிறுத்துங்கள். நெடி போனதும் மறக்காமல் திரும்ப ஓட விடுங்கள்.

பலன்

நாங்கள் இவற்றைச் செய்து, செடிகள் வேர் பிடித்த பிறகு 6 டானியோக்களை விட்டோம். மிஞ்சியிருந்த பழைய 5 மீன்களும் முதல் வாரம் செடிக்குள்தான் இருந்தன. இரண்டாம் வாரம் தீனி நேரத்தில் மட்டும் வந்தன. ஒரு மாதம் கழித்துப் பேரன் அமைதியாக உட்கார்ந்து பார்க்க, அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றன. "இப்ப ஓடலையே தாத்தா" என்றான். அன்று கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொன்னோம்: "அப்ப அதுக்குப் போக்கிடம் இல்ல, அதான் வெளிய ஓடிருச்சு."

கடைக்குப் புதிதாக வரும் சிப்பந்தியும் முதல் வாரம் மூட்டைக்குப் பின்னால்தான் நிற்பார். தவறு செய்தால் வந்து சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவரே முன்னால் வந்து தராசைப் பிடிப்பார். தொட்டியைத் தட்டி மீனை வரவழைத்தவர் எவரும் இல்லை.