மணிலாக்கொட்டை: மெய்யும் பொய்யும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டையை அறியாத சிறுவர் இலர். மணிலாக்கொட்டை என்னும் பெயரே மக்கள் நாவில் மருவி மல்லாட்டை ஆயிற்று. பிற இடத்தார் இதனை வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் வழங்குவர். இப்பெயர்களைச் சிறிது ஆராயின் வியப்பே மிஞ்சும். மணிலா பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். ஆயின் இப்பயிரின் தாயகம் தென் அமெரிக்கா. வேர்க்கடலை என்கின்றனர், இது வேரில் காய்ப்பதன்று. மண்ணுக்கு மேலே மஞ்சள் நிறப் பூ மலர்ந்து கருவுற்ற பின், அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பொன்று கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுள் புகுந்து காயாகின்றது. கொட்டை என்பதும் பொருந்தாது. அவரை, துவரை முதலியவற்றைப் போல இதுவும் பயற்றினத்தைச் சேர்ந்தது. நிலக்கடலை என்பதே ஓரளவு பொருந்தும் பெயராம். ஒரு பயிரின் பெயரிலேயே இத்துணைப் பிழை புகுந்திருக்குமாயின், அதனை உண்பது பற்றிய பேச்சில் எத்துணைப் பிழை புகுந்திராது!

இப்பயிரோடு இவ்வட்டாரத்திற்குள்ள உறவு நெருங்கியது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அங்கு உருவான வகைகள் அவ்வூரின் பெயரையே சுருக்கி ‘டி.எம்.வி.’ என வழங்கப்படுகின்றன. குடியாத்தம் கொத்து என்னும் வகையினின்று தெரிந்தெடுக்கப்பட்டு 1940ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2, பிற மாநிலத்து உழவர்களும் பல்லாண்டுகள் விரும்பிப் பயிரிட்டது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மணிலா மூட்டைகள் வந்து குவியும். இத்துணைப் பழக்கம் இருந்தும், விளைவிக்கும் வீட்டாரே இதனை உண்ண அஞ்சுவதுண்டு.

“மல்லாட்டை தின்றால் பித்தம்” என்பது முதல் அச்சம். பித்தம் என்னும் சொல்லுக்கு மருத்துவ நூலார் கொண்ட பொருள் விரிவானது. அதனை இங்கு ஆராய வேண்டுவதில்லை. வீட்டுப் பேச்சிலோ குமட்டல், தலைசுற்றல், வாந்தி ஆகிய அனைத்திற்கும் அது ஒன்றே பெயர். இவ்வச்சம் எங்ஙனம் பிறந்திருக்கலாம் என்பதை மணிலாக் கொல்லைக்குச் சென்றோர் அறிவர். செடி பிடுங்கும் நாளில் சிறுவர் காலை உணவையும் மறந்து, பசித்த வயிற்றில் பச்சைக் காயை உரித்து உரித்துத் தின்பர். மடி நிறையத் தின்று, வெயிலிலும் நின்றால் வயிறு கலங்குவது இயல்பே. இப்பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்; கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெல்லவே நீங்கும். குற்றம் அளவினது, பழியோ பருப்பின்மேல் விழுந்தது. உடன் வெல்லம் சேர்த்தால் பித்தம் முறியும் என்பர். சேர்த்துண்டால் சுவை மிகும் என்பதில் ஐயமில்லை. வெல்லம் மருந்தாக நின்று எதனையும் முறிக்கின்றது என்பதற்குச் சான்று இல்லை.

பிள்ளை பெற்ற தாய்க்கு இதனை விலக்கும் இல்லங்களும் உள. இவ்விலக்கால் நேரும் இழப்பு சிறிதன்று. நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. பால் கொடுக்கும் தாய்க்குப் புரதம் மிகுதியாக வேண்டும் காலத்தில், விலை மிகுந்த உணவை வாங்க இயலாத குடும்பம் தன் கொல்லையில் விளைந்ததையும் மறுத்தல் பேதைமையன்றோ? எனினும், “சிறு குழந்தைக்கு மல்லாட்டை கொடாதே” என்பதில் ஒரு பாதி மெய் உண்டு. முழுப் பருப்பு மெல்லத் தெரியாத குழந்தையின் மூச்சுக்குழலில் சென்று அடைத்துவிடலாம். அது உயிருக்கே இறுதியாகும். அரைத்துக் குழைத்து ஊட்டுவதற்கு அத்தடை இல்லை. சிலருக்கு இப்பருப்பு ஒவ்வாமையால் மூச்சுத் திணறலை விளைவிக்கும். அன்னார் இதனை அறவே விலக்கல் வேண்டும். அவ்வொவ்வாமையும் குழந்தைப் பருவத்தில் முற்றும் விலக்கி வைத்தலால் தடைப்படுவதில்லை. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளை இலண்டன் மாநகரில் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்ட மருத்துவர்கள், முதலாண்டிலேயே உண்ணத் தொடங்கிய குழந்தைகளிடம் அது மிகக் குறைந்தமையைக் கண்டனர்.

அண்மைக் காலத்தில் புதியதோர் அச்சமும் சேர்ந்தது. கடலையெண்ணெயில் கொலஸ்டிரால் மிகுதி என்பது அது. கொலஸ்டிரால் விலங்குகளின் உடலில் உண்டாகும் பொருள். செடியின் வித்தினின்று எடுக்கும் எண்ணெயில் அது கணக்கிடத்தக்க அளவில் இல்லை. ஆகவே எண்ணெய்ப் பொட்டலத்தின்மேல் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ எனப் பெரிய எழுத்தில் பொறித்தலும் பொய்யன்று. ஆயின் எல்லா வித்தெண்ணெய்க்கும் பொதுவான ஒன்றைத் தன் எண்ணெய்க்கே உரிய சிறப்புப் போலக் காட்டும் வணிகத் திறம் அது. எவ்வெண்ணெயாயினும் ஒரு கிராமில் 9 கலோரி ஆற்றல் உண்டு என்பதனை அப்பொட்டலம் அத்துணைப் பெரிதாகக் கூறுவதில்லை.

இங்ஙனம் அஞ்ச வேண்டாதவற்றிற்கு அஞ்சுவோர், அஞ்ச வேண்டியதனைக் கண்டும் காணாது விடுதலே வருந்தத்தக்கது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் சில மாதங்களுள் ஓர் இலட்சத்திற்கும் மேலாக மடிந்தன. காரணம் முதலில் விளங்கவில்லை. பின்னர் அவற்றின் தீனியில் கலந்த மணிலாப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோது, அதில் படர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சை நஞ்சொன்றைச் சுரந்தமை தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃபிளாடாக்சின் எனப் பெயரிட்டனர். அது கல்லீரலைக் கெடுக்கும். நெடுங்காலம் உடலிற் புகுமாயின் புற்றுநோயையும் விளைவிக்கும். மணிலாவில் மட்டுமன்றி மக்காச்சோளத்திலும் அது தோன்றும். 1974ஆம் ஆண்டில் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் மலைவாழ் மக்கள் பூஞ்சை படர்ந்த மக்காச்சோளத்தை உண்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேறு உணவு அவர்களிடம் இல்லை.

பூஞ்சை பிடித்ததை வறுத்தால் சரியாகிவிடும் என்பதே எல்லாப் பொய்யினும் கொடிய பொய். வறுக்கும் சூட்டில் பூஞ்சை மடியும். அது முன்னரே சுரந்த நஞ்சு முற்றும் அழிவதில்லை. ஆதலின் காக்க வேண்டிய இடம் அடுப்பன்று, களமே. பிடுங்கிய காய்களை மழையில் நனைய விடாது, ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்கினும் குறையும் வரை நன்கு உலர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் மூட்டைகளைத் தரையில் படாது அடுக்கினால் பூஞ்சை படர்வதற்கு இடமில்லை. உடைந்த காயையும், சுருங்கி நிறம் மாறிய பருப்பையும் பொறுக்கி எறிதல் வேண்டும். அவற்றை மாட்டிற்கு வைத்தலும் தகாது. அந்நஞ்சின் கூறு பாலில் வந்து சேரும்.

இவ்வட்டாரத்து மூதாட்டியர் முறத்தில் பருப்பைப் பரப்பிச் சொத்தையை நீக்குவதும், தின்னும்போது கசந்த பருப்பை உடனே துப்பிவிடுமாறு சிறுவரைக் கடிவதும் இன்றும் காணலாம். நஞ்சின் பெயரை அவர்கள் கேட்டிரார். கெட்ட பருப்பெல்லாம் கசக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆயினும் கசந்ததைத் துப்பச் சொன்னது முற்றிலும் சரி. பித்தம் என்று அஞ்சி நல்ல பருப்பையும் மறுத்த அவர்களே இதனையும் கற்பித்தனர்.