எட்டில் ஒன்று போதும்

அன்புள்ள தம்பிக்கு,

காமர்ஸ் கேசினோவின் 20-40 லிமிட் மேசையில் நீ விட்டுக்கொடுத்த அந்த ஆட்டத்தை ஒரு சீட்டு விடாமல் எழுதி அனுப்பியிருந்தாய். நல்ல பழக்கம், விட்டுவிடாதே. ஆனால் கடைசியில் "அவரிடம் ஃப்ளஷ் இருந்திருக்கும்தானே அண்ணா?" என்று கேட்டிருந்தாயே, அந்தக் கேள்வியோடுதான் எனக்குத் தகராறு. இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் நீ கால் செய்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார். உன் கையில் ஸ்பேட் ஆஸ், டைமன் ராணி. நீ ரெய்ஸ் செய்ய, பட்டனில் இருந்தவரும் பிக் பிளைண்டும் கூட வந்தார்கள். ஆளுக்கு 40 டாலர், ஸ்மால் பிளைண்ட் போட்டுவிட்டுப் போன 10, ஆக 130. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் 8, கிளாவர் 5. நீ 20 கட்டினாய், பட்டன்காரர் கால் செய்தார், பிக் பிளைண்ட் எழுந்துகொண்டார்: 170. டர்னில் ஸ்பேட் 2, ஆளுக்கு 40: 250. ரிவரில் விழுந்தது ஆர்ட்டின் 3. நீ செக், அவர் 40.

இப்போது நடுவில் 290 கிடக்கிறது. அதற்கு உன்னிடம் கேட்கும் விலை 40. எட்டுத் தடவை கால் செய்து ஏழு தடவை தோற்றால் 280 போகும். எட்டாவது தடவை 290 வரும். அதாவது எட்டில் ஏழு தடவை அவரிடம் ஃப்ளஷ் இருந்தாலும் உனக்கு நஷ்டமில்லை. "நான் தோற்றிருக்கிறேனா?" என்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். "எட்டில் ஒரு தடவையாவது ஜெயிப்பேனா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ரம்மி ஆடி வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. சீட்டு மோசமென்றால் முதல் சுற்றிலேயே 20 பாயிண்டோடு டிராப் பண்ணி, 80இலிருந்து தப்பித்துக்கொள்வதுதான் அங்கே சாமர்த்தியம். கொஞ்சம் கொடுத்து நிறையக் காப்பாற்றுகிறோம். லிமிட் ரிவரில் அப்படியே தலைகீழ்: 40ஐக் காப்பாற்றிக்கொள்ள 290ஐத் தாரை வார்க்கிறோம். டிவியில் நீ பார்த்து வியக்கும் பிரமாதமான ஃபோல்டுகள் எல்லாம் நோ-லிமிட் சமாசாரம். அங்கே பாட் அளவுக்கே ஒருவர் பந்தயம் கட்டினால், மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால்தான் உனக்குக் கட்டுப்படி. அந்த வீரத்தை இந்த மேசைக்கு இறக்குமதி செய்யாதே.

சரி, எட்டில் ஒன்று வருமா? அதை விரல்விட்டு எண்ண வேண்டும். அவர் அடங்கி ஆடுகிறவர், ஆனால் ரெய்ஸுக்குப் பயப்படாமல் உள்ளே வருகிறவர் என்று எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்டவர் வைத்திருக்கக்கூடிய ஆர்ட்டின் ஜோடிகளை எண்ணினேன். ஆஸுடன் ஜாக்கி, 10, 9, 7, 6, 5, 4, 2 என்று எட்டு. ஆஸ்-ராஜா என்றால் முதலிலேயே திருப்பி ரெய்ஸ் செய்திருப்பார். ராஜாவுடன் ஜாக்கி, 10, 9 என மூன்று. ஜாக்கி-10, ஜாக்கி-9, 10-9, பிறகு 7-6. மொத்தம் 15. எதிர்ப்பக்கம், ஸ்ட்ரெய்ட்டைத் துரத்தி ஏமாந்த 7-6: ஸ்பேடில் ஒன்று, டைமனில் ஒன்று, கிளாவரில் ஒன்று. மூன்றையும் வைத்து அவர் பிளஃப் அடிப்பார் என்றால் உனக்கு ஆறில் ஒன்று, தாராளம். இரண்டை வைத்து மட்டும் என்றால் பதினேழில் இரண்டு, நூலிழையில் குறைகிறது.

இந்த இடத்தில்தான் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். பிளஃப்பை மட்டுமே எண்ணுகிறார்கள். நீ ஆர்ட்டினைப் பார்த்ததும் செக் செய்ததை அவரும்தான் பார்த்தார். ராஜா-ராணி வைத்திருப்பவருக்கு அதுவே தைரியம் கொடுக்கும். தான் முந்தி இருப்பதாக நினைத்தே 40ஐத் தள்ளுவார். ராணி இன்னும் இரண்டு, ராஜா நான்கு, ஆக எட்டு ஜோடி. அதில் இரண்டுக்குப் பந்தயம் கட்டினாலே நீ ஜெயிப்பது பத்தொன்பதில் நான்காகிவிடும். இந்த மட்டத்து மேசைகளில் ரிவர் கால் ஜெயிப்பதற்குப் பாதிக் காரணம் எதிராளியின் துணிச்சல் அல்ல, அவருடைய தப்புக்கணக்கு.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1987இல் வந்த 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில், கடைசிச் சீட்டுக்குப் பிறகு இருவர் மட்டும் நிற்கும் நிலைமைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். பழைய புத்தகம்தான், ஆனால் படி. இருவர் லிமிட் ஆட்டத்தை ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் கணினியில் ஏறக்குறைய முழுதாகத் தீர்த்து, 2015இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். செஃபியஸ் என்று அந்த நிரலுக்குப் பெயர். அதைப் போல அளந்து பிளஃப் அடிக்கிற ஆளை உன் மேசையில் நீ பார்க்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்: 250 கிடக்கும் இடத்தில் ஏழுக்கு ஒரு தடவைக்கு மேல் நீ விலகுகிறவன் என்று தெரிந்துவிட்டால், எதிரில் இருப்பவர் தன் சீட்டைப் பார்க்காமலே 40 போடலாம், லாபம் அவருக்குத்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கால் என்று கிளம்பிவிடாதே. இரண்டு இடங்களில் நான் யோசிக்காமல் சீட்டைத் தள்ளிவிடுவேன். அன்றைக்கு பிக் பிளைண்ட் விலகாமல் இருந்து, உனக்கு முன்னால் அவர் அந்த 40ஐக் கால் செய்திருந்தால், பிளஃப்பைப் பிடிக்கும் வேலை முடிந்துவிட்டது. உன் ராணி இப்போது அவரையும் தாண்ட வேண்டும். பாட் பெரிதாகத் தெரியும், வாய்ப்பு அதைவிட வேகமாகச் சுருங்கியிருக்கும். இன்னொன்று, ரிவரில் நீயே 40 கட்டி அவர் 80 ஆக்குவது. 370க்கு 40, பத்தில் ஒன்று ஜெயித்தால் போதும். ஆனால் இரவு முழுக்க ரெய்ஸ் என்ற வார்த்தையே வாயில் வராத மனிதர், மூன்று ஆர்ட்டின் கிடக்கும்போது ரெய்ஸ் செய்தால் அந்தப் பத்தில் ஒன்றும் கிடையாது.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அந்த ஆர்ட்டின் 3 விழுந்ததும் அவர் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தாரா? இரண்டு ஆர்ட்டின் வைத்துக்கொண்டு இரண்டு சுற்றாகக் காத்திருப்பவருக்கு அது மனப்பாடம், பார்க்க மாட்டார். பார்க்கிறவர் பெரும்பாலும் ஒற்றை ஆர்ட்டினாவது இருக்கிறதா என்று தேடுகிறார்.

கால் செய்தபின் பொறுமையாக இரு. பந்தயம் கட்டியவர்தான் முதலில் திறந்து காட்ட வேண்டும். "நீங்கதான்" என்று அவர் முனகினாலும் உன் சீட்டின் மேல் வைத்த சிப்பை எடுக்காதே. டீலர் பாட்டை உன் பக்கம் தள்ளிய பிறகு எடு. தோற்றால் முகத்தைச் சுளிக்காதே. எட்டில் ஏழு தடவை தோற்கத்தான் போகிறாய், ஏழு தடவையும் சுளித்தால் மேசையில் எல்லோரும் உன்னைப் படித்துவிடுவார்கள்.

இனி எழுதும்போது ரிவரில் பாட் எத்தனை டாலர் என்பதை முதல் வரியில் போடு. நீ கால் செய்த ஆட்டங்களில் அவர் என்ன சீட்டைத் திறந்தார் என்பதையும் சேர்த்து எழுது. ராஜா-ராணி எத்தனை, 7-6 எத்தனை என்று ஒரு மாதத்துக்குத் தனியாகக் குறித்துவை. அதை வைத்துக்கொண்டு அந்தப் பட்டன்காரரைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்