நீலிக்கண்ணீர்: ஒரு கொலைக்கதை ஆராய்ச்சி

துப்பறியும் கதைகள் தமிழுலகிற் புகுந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-ஆம் ஆண்டிலேயே ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். அவர்க்குப் பின்னர் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலானோர் எழுதியவற்றைப் பெரியோர் பழித்தனர். இளைஞரோ பாடப்புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்தனர். இக்கதைகளின் போக்கு நாம் அறிந்ததே. முதலில் ஒரு பிணம் கிடக்கும். பின்னர் ஐயம் பலர்மேற் செல்லும். ஈற்றில் கொலைஞன் அகப்படுவான்.

ஆயின், கொலையுண்டவனே கொடியவனாயின் யாது செய்வது? ஆங்கில நாட்டு அகாதா கிறிஸ்டி அம்மையார் 1934-இல் எழுதிய புகைவண்டிக் கொலைக்கதையில் இவ்வினா எழுகின்றது. குழந்தையொன்றைக் கடத்திக் கொன்றும் சட்டத்தினின்று தப்பிய ஒருவனை ஜூரிமார் தொகையாகிய பன்னிருவர் கூடிக் கொல்கின்றனர். துப்பறிவோன் உண்மையைக் கண்டும் அவர்களைக் காட்டிக் கொடுக்க ஒருப்படுகின்றிலன். இஃது அந்நாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். தமிழ்மக்களாகிய நமக்கோ இது பழைய கதையேயாம். பழையனூர் நீலியை நாம் மறந்தோமல்லேம்.

நீலி கதை பல வடிவில் வழங்குகின்றது. அவற்றிற் பொதுவாயுள்ளது இது: ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறப்பில் அவன் வணிகனாய்ப் பிறந்து பழையனூர்க்கு வருகையில், கொலையுண்டவள் பேயாய்ப் பின்தொடர்ந்தாள். கள்ளிக் கொம்பைக் குழவியாக்கி இடுப்பிலேந்தி, ‘இவன் என் கணவன், என்னைக் கைவிடுகின்றான்’ என்று ஊரவை முன் அழுதாள். அவையத்தார் எழுபதின்மர். வணிகன், ‘இவள் பேய், என்னைக் கொல்வாள்’ என்று நடுங்கினான். குழவி அவனைத் தந்தையெனப் பற்றவே, அவர்கள் அவளை நம்பினர். அவன் கைவாளையும் வாங்கிக் கொண்டனர். ‘உனக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்’ என்று சொல் கொடுத்து, இருவரையும் ஓரறையில் அடைத்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் சொல் தவறாது தீப்புகுந்தனர்.

திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட இச்செய்தி குறிக்கப்படுதலின், இஃது ஏழாம் நூற்றாண்டிற்கு முன்னரே வழங்கியதாதல் வேண்டும். சேக்கிழாரும் பழையனூரார் மெய்ம்மையைப் போற்றுகின்றார்.

துப்பறியும் கதையாக நோக்குமிடத்து இதன்கண் ஒரு வியப்புண்டு. கொலை இரண்டு, ஆராய்ச்சியோ ஒன்றுமில்லை. எழுபதின்மருள் ஒருவரேனும் ‘உன் ஊர் யாது? மணம் எந்நாளில் நிகழ்ந்தது? கண்டார் எவர்?’ என்று வினவினாரல்லர். அழுகையும் குழவியுமே அவர்க்குச் சான்றாயின. அவர்தம் வாய்மையை நாம் குறைகூறவில்லை; உயிரைக் கொடுத்தவரிடம் குறை காண்பது எளிதன்று. எனினும், வாள் பறிக்கப்பட்டவன் கூறிய சொல்லை ஒருகால் ஆராய்ந்திருப்பின், அவனும் பிழைத்திருப்பான். அவளது பழைய வழக்கும் வெளிப்பட்டிருக்கும். அவ்வழக்கையன்றோ எவரும் கேட்கவில்லை!

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவாம். எமது வடமதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் பொய்யழுகை அழுபவளை நோக்கி ‘நீலிக்கண்ணீர் வடிக்காதே’ என்பர். தமிழ்நாடெங்கும் வழங்கும் தொடரே இது. அவள் வஞ்சித்தமையை மொழி இத்துணை நூற்றாண்டாகக் காத்து வைத்திருக்கின்றது. அவளைக் கொன்றவன் பெயரால் ஒரு வசைச்சொல்லும் நம்மிடை இல்லை. அக்கண்ணீர் முழுதும் பொய்யோ என்று நாம் ஐயுறுகின்றோம். கணவன் கைவிட்டான் என்பது பொய். கணவனால் கெட்டேன் என்பது மெய்யன்றோ?

நீலியோடு ஒப்பிடத்தக்கவள் பத்திரை. குண்டலகேசிக் காப்பியத்திற் பெரும்பகுதி இறந்துபட்டது. ஆயினும் கதை நீலகேசியுரையால் அறியப்படுகின்றது. கள்வன் காளன்மேற் காதல் கொண்டு, கொலைத்தண்டனையினின்று அவனை மீட்டு மணந்தாள். ஊடலில் அவள் கூறிய ஒரு சொல்லைப் பகையாக உட்கொண்ட அவன், அவளை மலையுச்சிக்குக் கொண்டு சென்று கொல்ல முற்பட்டான். அவளோ, ‘இறக்குமுன் உம்மை வலம்வருவேன்’ என்று பின்சென்று அவனைத் தள்ளினாள்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. நீலி செய்தது பழிவாங்கல். பத்திரை செய்தது உயிர்காத்தல். சட்டமும் இவ்வேற்றுமையை ஒப்புகின்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, உயிர்க்கோ கற்புக்கோ பேரிடர் நேருமிடத்துத் தாக்குவோனைக் கொல்லும் அளவிற்கும் தற்காப்புரிமை தந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் அது 38-ஆம் பிரிவாகும். 2012-இல் மதுரையில், மகளிடம் முறைதவறி நடக்க முயன்ற கணவனை அடித்துக் கொன்ற தாயொருத்தியைப் போலீஸார் இப்பிரிவு காட்டியே விடுவித்தனர். நீலிக்கு இப்பிரிவு உதவாது. இடர் வந்த காலத்தில் அவள் கையில் ஒன்றுமில்லை. கை வலிமை பெற்ற காலத்தில் இடர் கடந்து போயிற்று. பழிவாங்குவோர் கதைகள் யாவும் இவ்விடைவெளியினின்றே பிறக்கின்றன.

ஈண்டு ஒன்று கூறல் தகும். நீலகேசி பாடிய சமணப் புலவர் இப்பழையனூர் நீலியையே எடுத்துக்கொண்டு, முனிவர் ஒருவரால் தெளிவுபெறச் செய்து, வாதியாக்கி அவைதோறும் அனுப்புகின்றார். அவள் முதன்முதல் வாதிற் சந்திப்பவள் குண்டலகேசியே. கணவனைக் கொன்ற கதையுடைய மகளிர் இருவரும் எதிரெதிர் அமர்ந்து சமயப் பொருளை வழக்காடுகின்றனர். இம்முறை அவையத்தார் வினா விடை இரண்டையும் முற்றக் கேட்கின்றனர், எவரும் அழவில்லை.