சுங்கவரி நீங்கினால் சந்தை ஒன்றாகிவிடுமா?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ பாடத்தை நடத்தும்போது, நாடுகளுக்கிடையே சுங்கவரியை நீக்கினால் பொருள்கள் தடையின்றிச் செல்லும் என்று மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். வரி நீங்கிய பிறகும் ஒரு தடை எஞ்சி நிற்கும். பொருளில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாடும் தனித்தனியே வைத்திருக்கும் விதிகளே அந்தத் தடை. இதை இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் முறையைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்கிறேன். 1957-இல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகள், 1968 ஜூலை 1-இல் தங்களுக்குள் இருந்த சுங்கவரிகளை நீக்கின. ஆனால், ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் எழுதி, “வரிதான் போய்விட்டதே, பிறகு ஏன் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது?” என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.

மக்ரோனி வழக்கு

இத்தாலியில் உலர்ந்த மக்ரோனி வகைகளைக் கடினக் கோதுமையில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியில் சாதாரணக் கோதுமையைக் கலந்தும் செய்வார்கள். அப்படிச் செய்த ஜெர்மன் மக்ரோனியை இத்தாலியில் விற்கத் தடை வந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. நுகர்வோரை ஏமாறாமல் காக்க வேண்டும், தரத்தைக் காக்க வேண்டும், கடினக் கோதுமை விளைவிக்கும் உழவரைக் காக்க வேண்டும் என்று இத்தாலி வாதிட்டது.

தீர்ப்பைச் சொல்வதற்கு முன் வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒரு குழு இத்தாலிய உழவர்கள், இன்னொன்று ஜெர்மன் தயாரிப்பாளர்கள், மூன்றாவது கடைக்கு வரும் நுகர்வோர். பத்து நிமிட விவாதத்தில் பெரும்பாலும் நுகர்வோர் குழுவிலிருந்துதான் விடை வரும்: “டீச்சர், எதுல செஞ்சதுன்னு பாக்கெட்டுல போட்டுட்டா, வேணுங்கிறவங்க வாங்கிக்கலாமே!” 1988-இல் நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தன் நாட்டுத் தயாரிப்பாளருக்கு இத்தாலி அந்த விதியை வைத்துக்கொள்ளலாம். ஆனால், வேறொரு உறுப்பு நாட்டில் முறைப்படி செய்து விற்கப்படும் மக்ரோனியை அந்த விதியைக் காட்டித் தடுக்கக் கூடாது. நுகர்வோருக்குத் தகவல் தர மேலுறையில் விவரம் அச்சிட்டால் போதும்.

இந்தக் கொள்கைக்குப் ‘பரஸ்பர அங்கீகாரம்’ என்று பெயர். இதற்கு அடித்தளம் இட்டது 1979 பிப்ரவரி 20-இல் வந்த ‘காசிஸ் தெ டிஜோன்’ தீர்ப்பு. அது பிரெஞ்சு மதுபானம் ஒன்றைப் பற்றியது என்பதால் வகுப்பில் மக்ரோனி வழக்கையே பயன்படுத்துகிறேன். ஆசிரியர் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

பாதுகாப்பு என்று வரும்போது

மக்ரோனியில் கோதுமை மாறினால் சுவைதான் மாறும். பொம்மையின் சக்கரம் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்கினால் உயிரே போகும். அங்கே மேலுறை விவரம் மட்டும் போதாது. உயிர், உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைத் தொடும் பல பொருள்களுக்கு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான விதிகளை ஒன்றியம் வகுத்திருக்கிறது. பொம்மை, மின்சாதனம் போன்றவற்றில் நாம் பார்க்கும் ‘சி.இ.’ குறி அந்த விதிகளுக்குப் பொருள் உடன்படுகிறது என்பதற்கான அறிவிப்பு. அது அரசு தரும் தரச் சான்று என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான பொருள்களில் உற்பத்தியாளரே சோதித்து, ஆவணம் வைத்து, தம் பொறுப்பில் அதை இடுகிறார். இடர் மிகுந்த பொருள்களுக்கு வெளியார் சோதனையும் தேவை.

செயல்பாடு: பொம்மைச் சோதனைக் குழாய்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையிலும், அதிலிருந்து கழன்று வரும் துண்டிலும் விழுங்கக்கூடிய அளவு எதுவும் இருக்கக் கூடாது. இதைப் பார்க்கச் சோதனைக்கூடத்தில் 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அடிப்பகுதி சரிவானது; ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. அழுத்தாமல் வைக்கும்போது ஒரு பொருள் எந்த நிலையிலாவது முழுவதும் உள்ளே அடங்கிவிட்டால் அது தேறாது.

வகுப்பில் சார்ட் அட்டையை 11 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வருமாறு ஒட்டினால் ஏறக்குறைய இந்த விட்டமுள்ள குழாய் கிடைக்கும். சுற்றளவு ஏன் 10 செ.மீ. என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். கோலிக்குண்டு, புளியங்கொட்டை, சோழி, பேனா மூடி, டேபிள் டென்னிஸ் பந்து ஆகியவற்றைப் போட்டுப் பார்த்துப் பட்டியலிடுவார்கள். பந்து மட்டும் நுழையாது. “அப்படியானால் பேனா மூடியைத் தடை செய்ய வேண்டுமா?” என்று கேளுங்கள். பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும் விதியின் பகுதி என்று அவர்களே கண்டுகொள்வார்கள். பொருள்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க மறக்க வேண்டாம்.

நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் தம்பி தங்கையின் பொம்மையில் அது இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லலாம்.

கண்காணிப்பது யார்?

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான். பொதுச் சந்தையில் ஒரு நாட்டுக்குள் நுழைந்த பொருள் இன்று 27 நாடுகளுக்கும் போகலாம். விதி பொது, ஆனால் கடையிலும் துறைமுகத்திலும் சோதிப்பவர்கள் அந்தந்த நாட்டு அதிகாரிகள். ஓரிடத்தில் கண்காணிப்பு தளர்ந்தால் விளைவு எல்லோருக்கும்.

2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் கோழிப்பண்ணைப் பேன்களை ஒழிக்க, உணவுக்கான கோழிகளிடம் பயன்படுத்த அனுமதியில்லாத ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்பட்டது. முட்டைகள் பல ஐரோப்பிய நாடுகளுக்கும், ஹாங்காங் வரைக்கும் போய்விட்டன. இலட்சக்கணக்கான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. பெல்ஜிய அதிகாரிகளுக்கு ஜூன் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும், உறுப்பு நாடுகளின் விரைவு எச்சரிக்கை வலையமைப்புக்கு ஜூலை 20-இல்தான் தகவல் தந்தார்கள் என்ற கண்டனம் எழுந்தது. சத்துணவில் முட்டை சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு இந்த நிகழ்வு உடனே புரிகிறது. அண்டை நாட்டின் சோதனையை நம்பித்தான் எல்லை திறந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு விலை, தகவலைத் தாமதமின்றிச் சொல்வது.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குப் பொறுப்பாளி யார் என்ற சிக்கலும் உண்டு. 2021 ஜூலை 16 முதல், பொம்மை உள்ளிட்ட பல பொருள்களுக்கு ஒன்றியத்துக்குள் முகவரியுள்ள ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தொடர்பு

எங்கள் மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பல குடும்பங்களுக்குத் தோலும் காலணியும்தான் பிழைப்பு. தோல் பதனிடக் குரோமியம் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது சில சூழலில் குரோமியம்-6 என்ற வடிவத்துக்கு மாறித் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். உடலில் படும் தோல் பொருள்களில் அது ஒரு கிலோவுக்கு 3 மி.கி. அளவை எட்டக் கூடாது என்று 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. “அப்பா கம்பெனியில லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் சரக்கு கிளம்பும்” என்று ஒரு மாணவி சொன்னபோது, வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. அந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு பொதுச் சந்தையின் சட்டம் இருக்கிறது.

இங்கே இரு பக்கத்தையும் பேச விடுங்கள். ஒரே விதி என்பதால் 27 நாடுகளுக்கு 27 விதமாகச் செய்ய வேண்டியதில்லை. அது ஏற்றுமதியாளருக்கு ஆதாயம். சோதனைச் செலவு பெரிய நிறுவனத்துக்குச் சிறிது, சிறு பட்டறைக்கோ பெரிது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதற்கு மாணவர்கள் தரும் விடைகளைத் திருத்தாமல் கேளுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. சுங்கவரி நீங்கிய பிறகும் வணிகத்துக்குத் தடையாக இருப்பது எது?
2. மக்ரோனிக்கு மேலுறை விவரம் போதும், பொம்மைக்குப் போதாது. ஏன்?
3. ஃபிப்ரோனில் நிகழ்வில் தகவல் தாமதமானதால் யார் யார் பாதிக்கப்பட்டிருப்பார்கள்?
4. உன் வீட்டிலுள்ள மூன்று பொருள்களின் மேலுறையைப் பார்த்து, தயாரிப்பாளர் முகவரி, முத்திரை, எச்சரிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

நான்காம் வினாவைக் கட்டாயம் கொடுங்கள். முகவரியோ முத்திரையோ இல்லாத பொருளைப் பார்த்துவிட்டு, “இது கெட்டுப்போனா யாரைக் கேட்கிறது?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பிள்ளை கேட்குமானால், இந்தப் பாடம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது.