நண்பகலில் மட்டும் நின்றுபோகும் ஏர்கோன்

காலையில் பீடோங்கிலிருந்து புறப்படும்போது கார் ஏர்கோன் ஜில்லென்று இருக்கிறது. நண்பகலில் சுங்கைப்பட்டாணி நெரிசலில் காற்று வருகிறது, குளிர் இல்லை. "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பார்கள். தீர்ந்திருந்தால் காலையில் எப்படிக் குளிர்ந்தது?

மாணவர்களே, கம்பிரசரின் முன்புறம் ஒரு மின்காந்தக் கிளட்ச் உண்டு. அதன் செம்புச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால், எதிரே அரை மில்லிமீட்டர் அளவு தள்ளியிருக்கும் இரும்புத் தகடு 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும், கம்பிரசர் ஓடும். நாளடைவில் தேய்ந்து அந்த இடைவெளி அகன்றுவிடும்.

இப்போது ஓம் விதிக்கு வாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் சுருளின் மின்தடை 3.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டுக்கு 3.3 ஆம்பியர் பாயும். செம்பு சூடானால் மின்தடை கூடும். 100 டிகிரியில் ஏறத்தாழ 4.7 ஓம். மின்னோட்டம் 2.5 ஆம்பியராகிவிடும். வலுவிழந்த காந்தத்தால் அகன்ற இடைவெளியைத் தாண்டித் தகட்டை இழுக்க முடியாது.

இதுதான் காரணமா? குளிர் நின்ற அந்த நேரத்திலேயே கிளட்ச் வயரில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். (பெல்ட் சுழலும் இடம். பட்டறைக்காரர் வைக்கட்டும்; நீங்கள் எட்ட நின்று எண்ணைப் படியுங்கள்.) 12 வோல்ட் இருந்தும் தகடு ஒட்டவில்லையென்றால் கோளாறு கிளட்ச்சில். சில கார்களில் உள்ளிருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே இடைவெளி குறைந்துவிடும். கம்பிரசரை மாற்றும் செலவு மிச்சம்.

வோல்ட்டே இல்லையென்றால் பியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் என்று பின்னோக்கித் தேடலாம். முன்புற விசிறி நின்று அழுத்தம் எகிறினாலும், கேஸ் கசிந்து குறைந்தாலும் அந்த சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதைச் சிலர் வயர் போட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். கேஸோடு சுற்றிவரும் எண்ணெய்தான் கம்பிரசருக்கு மசகு. கேஸ் குறைந்த நிலையில் ஓடவிட்டால், எண்ணெய் கிடைக்காமல் கம்பிரசர் இறுகிப்போகும்.