வால்மீனுக்குப் பெயர் வைப்பது யார்?

கேள்வி: 2024-இல் எங்கள் மொட்டைமாடியிலிருந்து விடியற்காலையில் ஒரு வால்மீனைப் பார்த்தோம். அதன் பெயர் வாயில் நுழையவில்லை. நம்மவர் பெயரில் வால்மீனே கிடையாதா?
– ஒரு வாசகர், ஜீவனஹள்ளி, பெங்களூரு

பதில்: ஏன் இல்லை? சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த புகைப்படத் தட்டில் புதிதாக ஒரு மங்கல் திட்டைக் கண்டார். அது ஒரு வால்மீன். கண்டுபிடித்தவர்களின் பெயரையே வைப்பது வழக்கம் என்பதால், பேராசிரியர் போக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோரையும் சேர்த்து அது ‘பாப்பு-போக்-நியூகிர்க்’ ஆனது. உங்கள் ஊர் கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அவர் வளர்த்தெடுத்ததுதான்.

நீங்கள் பார்த்தது சுசின்ஷான்-அட்லஸ். அதன் கதை சுவாரசியம். 2023 ஜனவரியில் சீனாவின் ஊதா மலை (சீன மொழியில் ‘சுசின்ஷான்’) ஆய்வகம் அதை முதலில் பதிவு செய்தது. ஆனால், ஒரு புள்ளியை ஒரு நாள் பார்த்தால் பாதை தெரியாது. விண்மீன்களுக்கு நடுவே அது நகர்வதை அடுத்தடுத்த இரவுகளில் அளக்க வேண்டும். யாரும் தொடர்ந்து அளந்து அனுப்பாததால் உறுதிசெய்யப்பட வேண்டியவற்றின் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள்! பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைத் திரும்பப் பிடித்தது. பழைய படங்களைத் தேடி ஒப்பிட்டபோதுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதனால்தான் அந்த இரட்டைப் பெயர்.